கழுத்து மாறிய பதக்கம்

குடும்ப டாக்டர்கள் சங்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை தலைவர் மாறுவார். பழைய தலைவர் தன் கழுத்திலிருக்கும் பதக்கத்தைக் கழற்றிப் புதியவர் கழுத்தில் போட வேண்டும். இந்த வருஷம் டாக்டர் அமலோற்பவத்தின் முறை.

அவருடைய ஸ்டெதாஸ்கோப்புக்கு வயிறு எரிந்தது.

"இருபது வருஷமா அந்தக் கழுத்துல நான் கிடக்கேன். ஒருத்தரும் கை தட்டினதில்ல. இன்னைக்கு வர்ற உனக்கு மேளதாளமா?" என்று கைப்பைக்குள் இருந்தபடியே கறுவியது.

"மேடைன்னா நான்தான். உனக்கு அங்கே என்ன வேலை?" என்றது பதக்கம்.

பதக்கம் கழுத்து மாறியது. அடுத்த நிமிஷம் பழைய தலைவர் சிவப்பிரகாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். இருநூறு டாக்டர்கள் ஓடி வந்தார்கள். எல்லோர் சட்டையிலும் சங்கத்து பேட்ஜ் இருந்தது. ஸ்டெதாஸ்கோப் ஒருவரிடமும் இல்லை. அமலோற்பவம் மட்டும் பையைத் துழாவித் தன்னுடையதை எடுத்தார். குனியும்போது இடைஞ்சலாகத் தொங்கிய பதக்கத்தைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

ஸ்டெதாஸ்கோப் முதல்முறையாக மேடையேறியது. மண்டபமே மூச்சுவிடாமல் அதைப் பார்த்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல. சார் நல்லாத்தான் இருக்கார்" என்றார் அமலோற்பவம். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

சாய்ந்திருந்தவரின் கை மட்டும் மெல்ல மேஜைப் பக்கம் நகர்ந்தது.

பதக்கத்துக்குப் பொறுக்கவில்லை. "அந்த நெஞ்சுல அப்படி என்னத்தைக் கேட்டுட்டே?"

ஸ்டெதாஸ்கோப்பின் முகம் சுருங்கிப்போனது.

"அங்கேயும் உன் பேச்சுதான்."