யாரும் செய்யாத தோட்டா

இந்தத் துப்பாக்கி வெடிப்பதில்லை, நெடுநேரம் அடக்கிய மூச்சை விடுகிறது என்று பட்டறையில் எதிரே நிற்கும் இந்த இருவரிடமும் எப்படிச் சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தாள் சௌதாமினி. அப்பா அவளுக்கு விட்டுப்போன பழைய ரைபிள் அது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன நாட்டில் செய்தது. அதற்குப் பொருந்தும் தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. மிச்சமிருந்தவற்றை மழைக்காலத்துக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு ஒன்று என்று துப்பாக்கி கிளப் மைதானத்தில் சுட்டுவந்தாள். சுட்டதும் இலக்கு மழையிலோ பனியிலோ கரைந்துபோகும். தனக்கும் எடை இல்லாததுபோல் இருக்கும். வெளியே விழும் தோட்டாவின் பித்தளைக் கூடு, தான் உட்கார்ந்திருந்த துப்பாக்கி உள்ளறையின் வடிவத்தை அப்படியே வாங்கியிருக்கும். சூடு ஆறும்வரை அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்வாள்.

"உள்ளறையக் கொஞ்சம் அகலமாக் கடைஞ்சுட்டாப் போதும்மா. கடைத் தோட்டாவே போட்டுக்கலாம்," என்றார் துப்பாக்கி பழுதுபார்க்கும் சவரிமுத்து.

"அப்புறம் ஆசை தீரச் சுடலாம்ல?" என்றான் அவள் கணவன் ரகோத்தமன். "இவளே எங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாறிட்டா மாஸ்டர். இது என்ன, வெறும் இரும்புதானே!"

சவரிமுத்து சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவள் துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து குழலுக்குள் பார்த்தாள். நீண்ட இருட்டின் கடைசியில் ஒரு சிறு வட்ட வெளிச்சம். தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் விடியும் காலைபோல அது இருந்தது.

"வேண்டாம்ண்ணே," என்றாள். "தோட்டா தீர்ந்தாத் தீரட்டும். இது இப்படியே இருக்கட்டும்."