விட்டுக்கொடுத்த அலை

ஓமானின் பாலைவனக் கரையில், பாறை முனையொன்றில் பலகைமேல் நின்று அலையேறுவதுதான் என் கணவர் மில்டனுக்கு வேலை. தலையோடு மூடும் அவருடைய உடை, உடம்பு உணர்வதையெல்லாம் பதிவுசெய்துகொள்ளும். அதேபோன்ற உடையை மாட்டினால் வீட்டிலிருந்தே நாமும் அந்த அலையில் ஏறலாம். ஆளில்லாத கடல்தான் விலைபோகும் என்பதால், கூட இருப்பவர்களை, பதிவை விற்கும் கம்பெனி அதிலிருந்து அழித்துவிடும்.

நேற்று மணப்பாட்டு வீட்டில் அந்த உடையை மாட்டிப் பார்த்தேன். வெறும் கடல். அருமையான முதல் அலை எழுந்தது. மில்டன் ஏறவில்லை, பலகையைத் திருப்பி வழிவிட்டார்.

கூடப்பிறந்த தம்பிக்குக்கூட அவர் முதல் அலையை விட்டதில்லை. எனக்கு மட்டும் விட்டார். அப்படித்தான் எங்கள் காதல் ஊருக்குத் தெரிந்தது.

போனில் கேட்டேன். "அங்க தனியாத்தான இருந்தீங்க?"

"ஆமா ஜெனோ. ஈ காக்கா கிடையாது."

"அப்ப முதல் அலைய யாருக்கு விட்டீங்க?"



"பெரிய அலைல்லா, பயந்துட்டேன்."

மறுபடி மாட்டினேன். அதே அலை வந்தது. நெஞ்சில் பயமே இல்லை. எவளையோ அழித்துவிட்ட வெறும் தண்ணீரைப் பார்த்து, அவருடைய சிரிப்பு என் முகத்தில் விரிந்தது.