நேராப் போ, லாயிட்

"என்ஜின் நின்னுபோச்சு, டெல்மர்."

கரகரத்த குரல் காலி ஷெட் முழுக்க எதிரொலித்தது. டெல்மர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

"மூக்கை இறக்கு லாயிட். முதல்ல வேகத்தைப் பிடி."

"மூக்கை இறக்கிட்டேன். முந்நூறு அடி உயரம். ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இருமல்கூட இல்ல."

"அதை விடு. எதிர்ல இறக்கு."

"எதிர்ல சோயா வயல். நேத்து மழைல சேறாக் கிடக்கு. சக்கரம் புதைஞ்சா குப்புறக் கவுந்துடும்."

"கவுந்தாக் கவுந்துட்டுப் போகட்டும். நேராப் போ."

டெல்மர் பதினோரு வருஷமாகக் கட்டிய விமானம்; பதினாலாயிரம் ரிவெட் ஆணி, ஒவ்வொன்றும் அவர் கையால் அடித்தது. முதல் பறப்புக்குப் பழகிய கை வேண்டுமென்று பக்கத்து ஷெட் லாயிடை அவர்தான் உட்கார வைத்தார்.

முந்நூறு அடியில் என்ஜின் இல்லாமல் ஓடுபாதைக்குத் திரும்பினால் வேகம் செத்து, விமானம் கல்லாக விழும். இது தெரியாதவர் அந்த ஓடுபாதையில் யாருமில்லை. தெரிந்தும், சொந்தமாகக் கட்டியதை வயலில் போட்டு உடைக்க மனசு வராமல் திரும்பியவர்கள் உண்டு.

"உன் பதினோரு வருஷத்தைச் சேத்துல சொருகணுமாடா? நோரீன்கூட என்னை வீட்டுல சேர்க்கமாட்டா."

"அது வெறும் தகரம்டா. இன்னொண்ணு கட்டிக்கலாம்."

"சீக்கிரம் சொல்லு. வயலா, ஓடுபாதையா?"

"வயல். வயல்தான், லாயிட்."

"சரி. திரும்பறேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. டெல்மர் கண்களை மூடிக்கொண்டார்.

கதவு கிறீச்சிட்டது. கையில் சுடச்சுட செர்ரி 'பை' பலகாரத்தோடு நோரீன் உள்ளே வந்தாள். லாயிடின் மனைவி. மேசையிலிருந்த ரெக்கார்டரை அணைத்தாள்.

"இந்த வருஷமும் இதையே போட்டுப் பேசிட்டிருக்கீங்களா? நாலு வருஷமாச்சு டெல்மர். ஓட்டினவர் தப்புன்னு விசாரணைக்காரங்களே எழுதிட்டாங்க."

அவள் ஒரு துண்டு வெட்டி, முள்கரண்டியோடு அவர் முன்னால் வைத்தாள்.

"அந்த நேரம் பார்த்து உங்க ரேடியோல நீங்க பேசறது அவருக்குக் கேக்காமப் போச்சு. இல்லேன்னா நேராப் போன்னு நீங்க சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா? உங்க பிளேனை உடைச்சதுக்கு அவருக்குப் பதிலா நான்தான் மன்னிப்புக் கேட்கணும். ஆறிடப்போகுது, சாப்பிடுங்க."

டெல்மர் தலையசைத்து முள்கரண்டியை எடுத்தார்.

அன்று ரேடியோ நன்றாகத்தான் வேலை செய்தது. லாயிடின் கேள்விக்கும் அந்த 'சரி'க்கும் நடுவே மூன்று விநாடி ஒலித்த, "என் பிளேனை உடைச்சுடாதே, திருப்பிக் கொண்டுவா" என்ற தன் குரலை, பதிவை விசாரணைக்காரர்களிடம் கொடுப்பதற்கு முந்தின நாள் அவரே அழித்திருந்தார்.