ரோலருக்கு முன்னால் ஒரு மடக்கு

குடிக்குத் தடையுள்ள அந்தப் பாலைவன நாட்டில், மதுவின் கேடுகளைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிய போலீஸ் கர்னல், பிடிபட்டுத் தன் கிடங்கில் பூட்டிக் கிடந்த நாலாயிரம் விஸ்கி பாட்டில்களையும் நசுக்கச் சொல்லிக் கையசைத்தார். ரோலர் ஓட்டும் பலவேசத்துக்கு வயிறு எரிந்தது. அவற்றில் ஒன்றுக்காகத்தான் அவனுடைய அறைத்தோழன் மாசிலாமணி ஆறு மாதமாக உள்ளே கிடக்கிறான். முதல் வரிசை நொறுங்கியது. அந்த வெயிலிலும் விஸ்கி நெடி எழவில்லை. ஈக்கள்தான் ஆசையாக வந்து உட்கார்ந்தன. பலவேசம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"ஏறுல மேல. கேமரா ஓடுது," என்றார் காயல்பட்டினத்து ஃபோர்மேன் சதக்கு. ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

"பொறுங்க காக்கா. தொண்ட காயுது."

ஒரு பாட்டிலை எடுத்தான். புது மூடி திருகும்போது கறகறக்க வேண்டும். இது ஊறுகாய் ஜாடி மாதிரி திறந்துகொண்டது. அத்தனை பேர் முன்னாலும் அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தான். சர்க்கரை தூக்கலான தேயிலைத் தண்ணீர். ஆறு மாதத்தில் நாலாயிரம் பாட்டில். உழைப்பாளிகள்தான்.

பிடியுங்கள் அவனை என்று கர்னல் அரபியில் அலறினார். கடமை தவறாத ஒரு போலீஸ்காரர் குடித்த அளவை எண்ணில் காட்டும் ஊதும் கருவியோடு ஓடி வந்தார். அதைப் பார்த்ததும் கர்னலின் முகம் வெளிறியது.

"ஊதாதல," சதக்கு காதோரம் கெஞ்சினார். "தெரியாமக் குடிச்சேன்னு மன்னிப்பு கேளு. ஊருக்கு ஏத்தி விட்டுருவானுவ, அதோட போச்சு."

பலவேசம் குழாயைப் பிடித்துக்கொண்டு கேமராப் பக்கம் திரும்பி நின்றான்.

"நான் ஊதுதேன் காக்கா. நம்பர மட்டும் கர்னலே சத்தமா வாசிக்கட்டும்."