அத்தை போடாத கையெழுத்து

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அத்தை பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, 'என் மகனைப் பத்தி ஒன்பது வருஷமா எந்தத் தகவலும் இல்லை'ன்னு சத்தியம் பண்றீங்க. அவ்வளவுதானே? நீங்க இதைக் கொடுத்தாத்தான் அவர் இறந்துட்டதா கோர்ட் அறிவிக்கும். அது கைக்கு வந்தாத்தான் உங்க மருமக இன்னொரு கல்யாணத்தைப் பதிவு பண்ண முடியும்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"போட மாட்டேன்."

மருமகளுக்குக் காது மடல்வரை சூடேறியது. பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். பதிவுக்கென்று எடுத்த புகைப்படங்களைப் பையிலிருந்து பாதி உருவியவர், சத்தம் போடாமல் திரும்ப உள்ளே தள்ளினார்.

இத்தனைக்கும் இந்த வரனைப் பிடித்ததே அத்தைதான். கண்ணைக் காட்டப் போன இடத்தில், மனைவியை இழந்த அந்த மனிதரிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து, "எனக்குப் பலகையில எழுத்துதான் தெரியலை, ஆளு நல்லாத் தெரியும். தங்கமான மனுஷன்" என்று பேச்சை ஆரம்பித்ததே அவள்தான்.

மருமகளோடு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் இதைக் கேட்டதும் கையைக் கொட்டினாள்.

"இது கூடவா புரியலை உனக்கு? நீ போயிட்டா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க யாரு, கால் அமுக்கிவிட யாரு? வாய் நிறைய 'கட்டிக்கோ'ன்னு சொல்லிட்டு, கடைசி நேரத்துல கழுத்தை அறுத்துட்டாங்க. பலே ஆளுடி உன் மாமியார்!"

மருமகள் குரல் உயர்த்திப் பேசுகிறவள் அல்ல. அன்றைக்குப் பேசினாள்.

"உங்க மகன் வருவார்னு நீங்க காத்துக்கிட்டு இருங்க அத்தை, நான் வேண்டாங்கலை. என்னையும் ஏன் கூட உட்கார வைக்கிறீங்க? எனக்கு முப்பத்தெட்டு ஆயிடுச்சு."

மடித்து வைத்த புடவையை உதறி, அத்தை மறுபடியும் மடித்தாள்.

"ரெண்டு வாரம் பொறுத்துக்கோம்மா."

"ஒன்பது வருஷம் பொறுத்தாச்சு."

அத்தை அடுத்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலையில் அத்தை பையும் கையுமாக நின்றாள். "தங்கச்சிக்கு உடம்புக்கு முடியலையாம். பார்த்துட்டு வந்துடறேன்."

தெருமுனைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். 'பார்த்துப் போங்க' என்று நாக்கு நுனிவரை வந்ததை மருமகள் விழுங்கிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்துத்தான் வந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. தங்கச்சிக்கு எப்படி இருக்கிறது என்று மருமகள் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

"நாளைக்கு வக்கீலாபீசுக்கு வா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள், அத்தை நீட்டிய பழுப்பு உறையிலிருந்து வக்கீலம்மா ஒரு தாளை உருவிப் படித்தார். முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறியாம்மா?"

"என்ன மேடம்?"

"இறப்பு மனுவை வாபஸ் வாங்கிடலாம். விவாகரத்துக்குப் போடணும். உன் வீட்டுக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கார். போன புதன்கிழமை தேதி போட்டிருக்கு."

அந்தக் கையெழுத்து மருமகளுக்குத் தெரியும். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக் கீழே கோடு போடும் பழக்கம்கூட மாறவில்லை.

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காணலைன்னு கோர்ட்ல பேப்பர் விளம்பரம் கொடுக்கச் சொன்னாங்களே, அது வந்த மூணாம் நாள் போன் பண்ணினான். வேற ஊர்ல பொண்டாட்டி, ரெண்டு குழந்தைன்னு இருக்கான். 'நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், நீ சத்தியம் பண்ணிக் கொடுத்துடு'ன்னான்."

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? அவனைத் தேடி எத்தனை பிணவறைக்குள்ள போயிட்டு வந்தவ நீ! வெறுங்கையோட வந்து 'அவன் உசுரோடதான் இருக்கான்'னு எப்படிச் சொல்றது? பொய்ச் சத்தியத்து மேல உன் கல்யாணத்தை நிறுத்தவும் மனசு வரலை. நாளைக்கே அவன் எதிர்ல வந்து நின்னா உன் கதி என்ன? அதான், அவன்கிட்டயே எழுதி வாங்கிடலாம்னு கிளம்பினேன்."

மருமகளுக்கு அழுகை வரவில்லை. கையெழுத்துக்குக் கீழே இருந்த கோட்டை விரலால் ஒரு தரம் தொட்டாள்.

"கேட்டதும் போட்டுட்டாரா?"

"போட்டான், போட்டான். பெத்தவ கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவானா?" அத்தை சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

காலி உறை என்று நினைத்து வக்கீலம்மா அதை ஓரமாக நகர்த்தினார். உள்ளேயிருந்து இன்னொரு தாள் எட்டிப் பார்த்தது.

"அது வேண்டாம், அது எனக்குன்னு கொடுத்த நகல்" என்று அத்தை பதறிக் கை நீட்டினாள். அதற்குள் மருமகள் எடுத்துப் பிரித்துவிட்டாள்.

அதுவும் அவன் எழுத்துதான், அதே புதன்கிழமைத் தேதி.

'எனக்கு மகன் என்று யாரும் கிடையாது. யாரையும் அப்படிச் சொல்லிக்கொண்டு இனி இந்த வீட்டு வாசலுக்கு வரமாட்டேன்.'

அதன் கீழே, கோணல்மாணலாக, அத்தை கையெழுத்துப் போட்டிருந்தாள்.