நிலுவையில் ஒன்றுமில்லை

"எவனோ ஒருத்தன் நம்ம உழைப்பைத் திருடித் தின்னுக்கிட்டிருக்கான், ஜெரூஷா! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து ஜீவானந்தம் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

கோபம் வராதா பின்னே? கீரி என்று ஒரு கணினி மொழி. ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். சம்பளம் மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அதற்குத் தமிழில் கையேடு எழுதி இணையத்தில் போட்டிருக்கும் தாம்பரம் குழுவுக்கு இவர் தலைவர். இருநூறு பக்கம். அதை எவனோ அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விற்கிறானாம்.

"யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம்னு முதல் பக்கத்துல நாமதானே அண்ணா போட்டிருக்கோம்?" என்றாள் ஜெரூஷா. கையேட்டில் பாதிப் பக்கம் எழுதியவள்.

"அது ஒரு மரியாதைக்குப் போட்டதும்மா. உடனே அச்சடிச்சுடறதா?"

அவர் அவசரம் அவருக்கு. நாளை ஞாயிறு, நாவலூரில் கீரிக்காரர்களின் ஆண்டுக் கூட்டம். 'கையேட்டில் தப்பு என்று வந்த ஒரு புகார்கூட நிலுவையில் இல்லாத ஒரே குழு' என்று இவருக்குப் பொன்னாடை. தமிழ்நாட்டுக்கே பொறுப்பாளராக்கப் போவதாகவும் பேச்சு. இந்த நேரம் பார்த்தா திருட்டுப் புத்தகம் முளைக்க வேண்டும்?

நிலுவை இல்லாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா என்ன! தினமும் ஆபீஸ் போகக் காலை எட்டு பத்துக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவார். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். கிண்டியில் இறங்குவதற்குள் வந்த புகாரெல்லாம் பைசல். அப்படி ஒரு சேவை.

ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. வாசலிலேயே கயிற்றில் தொங்கியது புத்தகம். உள்ளே கடைக்காரி காந்திமதி மெஷினுக்குக் காகிதம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இதைப் போட்டது?"

"நான்தான் சார். இன்னா வோணும்?"

"என்ன விலைக்கு விக்கிற?"

"பக்கத்துக்கு ஒர்ரூபா, ஸ்பைரலுக்கு முப்பது. நீ உன் ரேஷன் கார்டைக் குடுத்தாலும் அதே ரேட்டுதான்."

"எழுதினவங்க பேரையாவது போட்டியா?"

காந்திமதி அட்டையைத் திருப்பிக் காட்டினாள். 'எழுதியது: கீரி தமிழ்க் குழு, தாம்பரம். இவங்க நல்லா இருக்கணும்.'

ஜீவானந்தத்துக்குச் சுருதி கொஞ்சம் இறங்கியது. அதற்காக விட்டுவிடுவாரா? புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'இது ஓடாது, கீழே இருக்கறதை அடி.' 'அஞ்சாவது பாடத்தை முடிச்சுட்டு மூணாவதுக்கு வா.' 'இந்த வரியை நம்பாதே.'

"கிறுக்கி வேற வெச்சிருக்கே!"

"கிறுக்கலா? பசங்க இந்த புக்கைப் பாத்து இங்க கம்ப்யூட்டர்ல அடிக்கும். ஓடாது. மண்டைய ஒடைச்சுகினு எந்தப் புள்ள கண்டுபுடிக்குதோ, அது செவப்புல எழுதிட்டுத்தான் வூட்டுக்குப் போவணும். அடுத்த காபி அத்தோட சேத்து எடுப்பேன். திங்கக்கிழமை பிராக்டிகல் எக்ஸாம் சார். நெட்டுல இருக்கறத அப்படியே அடிச்சா ஒண்ணு தேறாது."

ஜெரூஷாவின் முகம் சுருங்கிவிட்டது. "தப்பு இருந்தா அந்தக் குழுவுக்கு எழுதியிருக்கலாமே அக்கா?"

"எழுதலயா? நல்லா கேட்ட போ! அந்த செவுத்தப் பாரு."

சுவர் முழுக்கக் காகிதம். நாற்பத்து மூன்று புகார்கள், பிரிண்ட் எடுத்து வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே பதில்: 'சரிசெய்யப்பட்டது. நன்றி. மூடப்பட்டது. இப்படிக்கு, நிர்வாகி.' பெயர் கிடையாது.

"எவனோ ஒருத்தன் மூடிகினே கீறான். ஒண்ணத்தையும் சரி பண்ல. படிச்சுக்கூடப் பாக்கல. ஏஞ்சல்னு ஒரு பொண்ணு கடுப்புல 'சாப்ட்டியா?'ன்னு கேட்டு அனுப்பிச்சு. அதுக்கும் 'சரிசெய்யப்பட்டது'!"

ஜெரூஷா சிரிக்க வாயைத் திறந்தவள், ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். 8.14. 8.22. 8.31. 8.36. எட்டு பத்துக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. எட்டு நாற்பதுக்குப் பின்னாலும் இல்லை.

"ஞாயித்துக்கிழமைல மூடறதே இல்ல, கவனிச்சியா?" என்றாள் காந்திமதி. "அன்னிக்கு இன்னா பேஜாரோ அவனுக்கு!"

ஜெரூஷா மெல்லத் திரும்பினாள். ஜீவானந்தம் ஜெராக்ஸ் மெஷினை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பலாம் ஜெரூஷா, ரயிலுக்கு நேரமாச்சு."

"எந்த ரயில் அண்ணா? எட்டு பத்தா?"

அவர் வாசல் பக்கம் நகர்ந்தார். ஜெரூஷா விடவில்லை. "அக்கா, அந்தக் குழுவோட தலைவரே இவர்தான்."

காந்திமதி காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"தெய்வமாட்டம் வந்தீங்க சார்! உங்க கூடவே எவனோ ஒருத்தன் குந்திகினு உங்க பேரைக் கெடுக்கறான். நீங்க சொன்னா கேப்பான். அவனை இன்னிக்கே இட்டாந்து இந்த ஸ்டூல்ல குந்த வைங்க. நாப்பத்து மூணையும் தொறந்து, ஒண்ணொண்ணா படிச்சு சரி பண்ணட்டும். முடிக்காம மட்டும் அவன் எழுந்திருக்கக் கூடாது, ஆமா!"