பன்னிரண்டு டப்பா

“வூட்டக் காலி பண்ணச் சொல்ல நீ யாருய்யா?” கோடாலியும் கையுமாக வந்து நின்றான் குப்பன். அவன் பின்னால் மலையூரே திரண்டு நின்றது.

ஆராய்ச்சிக்கு வந்திருந்த பிலிப்ராஜ் அசரவில்லை. “பாறைக்குள்ளேர்ந்து கதிர்வீச்சு இருக்குற வாயு வருது. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இங்கயே கெடந்தீங்கன்னா நுரையீரல்ல புத்துநோய் வந்துதான் சாவீங்க. நாளைக்குக் கலெக்டருக்கு ரிப்போர்ட் போவுது, அவ்ளோதான்.”

“பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து கீறோம். எவன் செத்தான்?” என்று சீறினாள் பச்சையம்மா.

அவர் காதில் வாங்கினால்தானே! எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், வனக்காவலர் ஜீப்பில் வந்து இறங்கியவர் இந்த மனுஷர். கிணற்றடியில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்து, “வூட்டுக்குள்ள தொங்க விடுங்க, உள்ள இன்னா இருந்தாலும் இது மோப்பம் புடிச்சிடும்” என்று சொன்னதோடு சரி.

அப்புறம் ஒரு குடிசை வாசலையும் மிதிக்கவில்லை. குளிருக்குப் பயந்து, சர்க்கார் கட்டிய கருங்கல் அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு, மூன்று மாதமும் போர்வைக்குள் கிடந்தார். தை பிறந்ததும் டப்பாக்களைத் திரும்ப வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்பினார். முடிவு நேற்றுதான் வந்தது.

“நாலா பக்கமும் காத்து பூந்து போற கூரை வூடு சார். அதுல எந்த வாயு நிக்கும்?” என்றான் குப்பன்.

“பன்னெண்டு டப்பாவுலயும் ஒரே அளவுடா! ஒரு புள்ளி வித்தியாசமில்ல. எல்லாம் பொய் சொல்லுமா?” கையிலிருந்த தாளைக் குப்பன் மூஞ்சிக்கு நேரே ஆட்டினார் பிலிப்ராஜ். “மூணு மாசத்துல ஒருத்தன் நெஞ்சுல எவ்ளோ ஏறியிருக்கும்னு கணக்குப் போட்டிருக்கேன். படிக்கத் தெரிஞ்சா நீ இப்பவே அழுவ!”

குப்பன் கோடாலியை ஓங்கிவிட்டான். அவர் அறையைக் கூட்டிப் பெருக்கும் முத்தம்மாள் ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

“வுட்றா குப்பா, பாவம்டா அந்த மனுசன்!” பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “சார், அது ஒளிச்சி வெச்ச சந்தனக்கட்டைய மோப்பம் புடிச்சி காட்டிக் குடுத்துடும்னு பயந்துட்டாங்க. எவனும் வூட்ல வெக்கல. அல்லாத்தையும் எங்கிட்டதான் குடுத்தாங்க.”

பிலிப்ராஜ் தாளைக் கீழே இறக்கினார். “நீ... எங்க வெச்ச?”

“உங்க ரூமு பரண்லதான் சார்.”